சர் பிட்டி தியாகராயர்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னையின் தி.நகரில், அதாவது தியாகராய நகரில், தினமும் லட்சக்கணக்கானோர் வந்து போகிறார்கள். அந்தப் பெயருக்குரியவரைப் பற்றிக் கேட்டால் பாதிப் பேர் திருவையாற்றுத் தியாகராஜ சுவாமிகள் என்கிறார்கள், மீதிப் பேர் நீதிக்கட்சி என்று ஒரு சொல்லில் முடித்துவிடுகிறார்கள். கட்சி வரலாற்றில் அவர் பெயர் சரியாகவே பதிவாகியிருக்கிறது. ஆனால் அவர் வாழ்நாளின் பெரும்பகுதி போனது குப்பை, சாக்கடை, குடிநீர், தெருவிளக்கு, தொடக்கப்பள்ளி என்று சென்னை நகராட்சி மன்றத்தின் அன்றாடக் காரியங்களில். அந்தப் பக்கத்தை முன்னே வைத்தே இந்தக் கேள்வி-பதில்கள் எழுதப்பட்டிருக்கின்றன.

தியாகராயர் யார்? சுருக்கமாகச் சொல்ல முடியுமா?

சென்னை நகராட்சி மன்றத்தில் 1882 முதல் ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் உறுப்பினர். அதன் அதிகாரி அல்லாத முதல் தலைவர். தென்னிந்திய நல உரிமைச் சங்கம் என்கிற நீதிக்கட்சியைத் தொடங்கிய மூவரில் ஒருவர். சென்னை மாகாணத்தின் முதல் அமைச்சரவைக்குத் தலைமையேற்க ஆளுநர் அழைத்தபோது வேண்டாம் என்றவர். ஆயிரம் விளக்கில் இருந்த நகராட்சிப் பள்ளிப் பிள்ளைகளுக்கு 1920-இலேயே சிற்றுண்டி போட வைத்தவர். 1925-இல் காலமானார்.

எந்த ஊர், எந்தக் குடும்பம்?

1852 ஏப்ரல் 27 அன்று பிறந்தார். தெலுங்கு பேசும் தேவாங்கச் செட்டியார் குடும்பம். தறியும் துணி வாணிபமும் பரம்பரைத் தொழில். ‘பிட்டி’ என்பது அவர்களின் வீட்டுப்பெயர். தெலுங்குக் குடும்பங்களில் வீட்டுப்பெயர் முன்னால் வரும். மாநிலக் கல்லூரியில் படித்து 1876-இல் பி.ஏ. பட்டம் பெற்றார். அந்தக் காலத்தில் பி.ஏ. முடித்தால் அரசு வேலை தேடிப் போவது வழக்கம். இவர் தறிக்கும் கடைக்கும் திரும்பினார்.

வாழ்ந்தது, தொழில் செய்தது, பள்ளிக்கூடம் நடத்தியது எல்லாம் வண்ணாரப்பேட்டை, தண்டையார்பேட்டை, கொருக்குப்பேட்டை வட்டாரத்தில்தான். இன்றைய பேச்சுவழக்கில் சொன்னால் வடசென்னைக்காரர். அவர் பெயரில் பேட்டை அமைந்ததோ நகரத்தின் எதிர்ப்பக்கத்தில்.

தொழில் வாழ்க்கை எப்படி?

நெசவுதான். சொந்தமாகத் தறிக்கூடம் வைத்திருந்தார். கையால் நாடாவைத் தள்ளிப் பிடிப்பதற்குப் பதில் கயிற்றை இழுத்தால் நாடா தானே குறுக்கே ஓடும் தறி அப்போது புதிது. அதைச் சென்னையில் பரவலாக்கியவர்களில் அவர் முக்கியமானவர். கைத்தறியை அப்படியே போற்றிப் பாதுகாக்க வேண்டும் என்ற உணர்ச்சியைவிட, அதே நெசவாளி ஒரு நாளில் இன்னும் சில முழம் கூடுதலாக நெய்ய வேண்டும் என்ற கணக்கு அவருக்கு முக்கியம். தென்னிந்திய வர்த்தக சபையின் தொடக்ககாலத் தலைவராகவும் இருந்தார். வெள்ளைக்கார வணிகர்களுக்குத் தனிச் சங்கம் இருந்த நகரத்தில் இந்திய வணிகர்கள் தங்களுக்கென்று 1909-இல் தொடங்கிய அமைப்பு அது.

நகராட்சியில் அவர் வகித்த பதவி என்ன? மேயரா?

மேயர் இல்லை. போட்டித் தேர்வுக் குறிப்புகள் சிலவற்றில் ‘சென்னையின் முதல் மேயர்’ என்று பார்க்க நேர்கிறது, அது தவறு. இன்றைய பொருளில் மேயர் என்ற பதவி 1933-இல்தான் வந்தது, அப்போது அதை வகித்தவர் ராஜா சர் முத்தையா செட்டியார். தியாகராயர் ‘பிரசிடெண்ட்’, அதாவது மன்றத் தலைவர்.

வேறுபாடு பெயரில் மட்டும் என்று விட்டுவிட முடியாது. சென்னை நகராட்சி 1688-இல் தொடங்கியது, இந்தியாவில் மிகப் பழையது. ஆனால் இவர் உறுப்பினராக இருந்த காலத்தின் பெரும்பகுதியில் தலைவர் நாற்காலியில் அரசு நியமித்த ஐ.சி.எஸ். அதிகாரி உட்கார்ந்திருப்பார். உறுப்பினர்கள் கேள்வி கேட்கலாம், வாதாடலாம், ஓட்டுப் போடலாம். நிர்வாகம் அதிகாரியின் கையில். 1919-ஆம் ஆண்டின் சென்னை நகராட்சிச் சட்டம் இதைப் பிரித்தது. நிர்வாகத்துக்கு ஓர் ஆணையர், மன்றத்துக்கு உறுப்பினர்களே தேர்ந்தெடுக்கும் தலைவர். அப்படி வந்த முதல் தலைவர் தியாகராயர். அப்போது வயது அறுபதைத் தாண்டி அறுபத்தெட்டை எட்டிக்கொண்டிருந்தது. முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் எதிர் வரிசையில் இருந்து கேள்வி கேட்டவர் தலைவர் நாற்காலிக்கு வந்தார் என்பதை நினைவில் வைத்துக்கொண்டால் அடுத்த பதில் இன்னும் தெளிவாகப் புரியும்.

மதிய உணவுத் திட்டத்தைத் தொடங்கியது காமராஜரா, தியாகராயரா?

இந்தப் பக்கத்துக்கு ஒருவரை அனுப்பி வைக்கும் கேள்வி பெரும்பாலும் இதுதான். இரண்டு தரப்பாரும் இதை ஒரு பந்தயம்போல நடத்துவது வீண். நடந்ததை வரிசையாகப் பார்த்துவிடலாம்.

1920-இல் சென்னை நகராட்சி மன்றம் ஒரு தீர்மானம் நிறைவேற்றியது. ஆயிரம் விளக்கில் உள்ள நகராட்சிப் பள்ளியின் மாணவர்களுக்குச் சிற்றுண்டி தர வேண்டும்; ஒரு மாணவனுக்கு ஒரு நாளைக்கு ஓர் அணாவுக்கு மேல் செலவு போகக்கூடாது. மன்றத்தில் தலைவர் சொன்ன காரணம் எளிமையானது: அந்தப் பள்ளிக்கு வருகிறவர்கள் ஏழைப் பிள்ளைகள், பசியினால் பிள்ளைகளின் எண்ணிக்கை குறைகிறது. பிறகு மேலும் சில நகராட்சிப் பள்ளிகளுக்கு இது நீண்டது. திட்டம் நடந்த பள்ளிகளில் 1922-23-இல் 811 ஆக இருந்த மாணவர் எண்ணிக்கை 1924-25-இல் 1,671 ஆனது. இரண்டே ஆண்டுகளில் இரட்டிப்பு. சோற்றுக்காகப் பள்ளிக்கூடம் வருவதா என்று முகம் சுளித்தவர்கள் அன்றும் இருந்திருப்பார்கள். பிள்ளை எதற்காக வந்தாலும் வந்தபின் பாடம் நடத்தலாம் என்பதற்கு இந்த எண்கள் போதும்.

ஓர் அணா என்பது ரூபாயில் பதினாறில் ஒரு பங்கு. அதே ஆண்டில் அமைந்த முதல் அமைச்சரவையில் ஓர் அமைச்சரின் மாதச் சம்பளம் ஐயாயிரம் ரூபாய்க்கு மேல். அந்த ஒரு மாதச் சம்பளத்தில் எண்பதாயிரம் சிற்றுண்டி போட்டிருக்கலாம்.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். அன்று நகராட்சித் தேர்தலில் சொத்தோ வருமானமோ வரியோ உள்ளவர்களுக்குத்தான் ஓட்டு. ஆயிரம் விளக்குப் பள்ளியில் பசியோடு உட்கார்ந்திருந்த பிள்ளைகளின் அப்பா அம்மாவில் பெரும்பாலோருக்கு ஓட்டே கிடையாது. ஓட்டுக்காகச் செய்தார் என்ற குற்றச்சாட்டு இந்தத் தீர்மானத்தின் மேல் ஒட்டாது.

1925-இல் திட்டம் நின்றது. தொடக்கக் கல்வி நிதியிலிருந்து சாப்பாட்டுக்குச் செலவிடக்கூடாது என்று அரசு கையை விரித்ததே காரணம். அதே ஆண்டில் தியாகராயரும் மறைந்தார்.

அதன்பின் முப்பது ஆண்டுகள் கழித்து, 1956-இல் காமராஜர் எட்டயபுரத்தில் தொடங்கி வைத்த மதிய உணவுத் திட்டம் மாநிலம் முழுவதற்குமானது. கல்வித் துறையை நடத்திய நெ.து.சுந்தரவடிவேலுவின் உழைப்பும் ஊர்மக்களின் நன்கொடையும் அதைத் தாங்கின. 1982-இல் எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவாக்கினார், 1989-இல் கருணாநிதி ஆட்சியில் முட்டை சேர்ந்தது. 2001-இல் நாடெங்கும் பள்ளிகளில் சமைத்த உணவு தரவேண்டும் என்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. 2022-இல் காலை உணவுத் திட்டம் வந்தபோது 1920-ஆம் ஆண்டின் நகராட்சித் தீர்மானத்தை அதற்கு முன்னோடியாகச் சொன்னார்கள்.

ஆக, ‘இந்த மாநிலத்தில் அரசு சார்ந்த அமைப்பு ஒன்று பள்ளியில் முதலில் உணவு தந்தது எப்போது’ என்றால் 1920, தியாகராயர். ‘ஒவ்வொரு கிராமத்துப் பிள்ளைக்கும் எட்டச் செய்தது யார்’ என்றால் காமராஜர். ஒருவரைச் சொல்வதால் மற்றவர் குறைந்துவிட மாட்டார். தன் அதிகாரம் எட்டியது ஒரு நகரத்தின் சில பள்ளிகளுக்கு மட்டுமே என்றிருந்த ஒரு மன்றத் தலைவர், எட்டிய அளவுக்குச் செய்தார். எனக்கு அவர்மேல் மதிப்பு வருவது இந்த இடத்தில்தான், கட்சி தொடங்கியதில்கூட இல்லை.

நீதிக்கட்சியை அவர் எப்படி, ஏன் தொடங்கினார்?

1916 நவம்பர் 20 அன்று வேப்பேரியில் எத்திராஜ முதலியார் வீட்டில் ஒரு கூட்டம் கூடியது. அங்கே எடுத்த முடிவிலிருந்து தென்னிந்திய நல உரிமைச் சங்கம் பிறந்தது. டாக்டர் சி.நடேச முதலியார், டாக்டர் டி.எம்.நாயர், தியாகராயர் மூவரும் அதன் தூண்கள். அடுத்த மாதம் தியாகராயர் கையெழுத்தோடு ‘பார்ப்பனரல்லாதார் அறிக்கை’ வெளிவந்தது. ‘ஜஸ்டிஸ்’ என்ற ஆங்கில நாளிதழ் 1917-இல் தொடங்கியது. மக்கள் கட்சியையே அந்த இதழின் பெயரால் அழைக்கத் தொடங்கி, தமிழில் அது நீதிக்கட்சி ஆயிற்று.

கதையில் சுவையான பகுதி, நாயரும் தியாகராயரும் அதுவரை நகராட்சி மன்றத்தில் எலியும் பூனையுமாக இருந்தவர்கள் என்பது. நாயர் மேனாட்டில் படித்த மருத்துவர், கூர்மையான நாக்கு. தியாகராயர் பழைய மரபில் வந்த வணிகர். இருவரையும் ஒரே அறையில் உட்கார வைத்த பெருமை நடேச முதலியாரைச் சேரும். 1916-இல் நடந்த சட்டமன்றத் தேர்தல்களில் இருவருமே தோற்றிருந்தார்கள் என்பதும் சேர்ந்து உட்காருவதை எளிதாக்கியது. நாயர் 1919 ஜூலையில் லண்டனில் இறந்துபோக, கட்சியின் சுமை முழுக்கத் தியாகராயர் தோளுக்கு வந்தது.

ஏன் தொடங்கினார் என்பதற்கு மேடைகளில் ஒரு கதை சொல்வார்கள். கோயில் குடமுழுக்குக்குப் பத்தாயிரம் ரூபாய் நன்கொடை கொடுத்தும் மேடையில் அவருக்கு இடம் கொடுக்கவில்லை, அந்த அவமானத்தில் பிறந்தது இயக்கம் என்று. சொல்கிறவரைப் பொறுத்துக் கோயில் மயிலாப்பூருக்கும் திருவல்லிக்கேணிக்கும் இடையே இடம் மாறுகிறது. நான் இந்தக் கதையின்மேல் பாரம் ஏற்ற மாட்டேன். அறிக்கையைப் படித்தால் அது பேசுவது தனிமனித அவமானத்தைப் பற்றியல்ல. அரசுப் பதவிகளிலும் மன்றங்களிலும் மக்கள்தொகையில் சிறுபகுதியான ஒரு சமூகம் பெற்றிருந்த இடம் எவ்வளவு, மற்றவர்களுக்குக் கிடைத்தது எவ்வளவு என்ற கணக்கைத்தான் அது பேசுகிறது. வணிகர் எழுதிய அறிக்கை என்பது தெரிகிறது.

அவர் நாத்திகரா?

இல்லை. பக்திமான். கோயில் திருப்பணிகளுக்குத் தாராளமாகக் கொடுத்தவர். கடவுள் மறுப்புப் பேசிய சுயமரியாதை இயக்கம் தொடங்கியது அவர் மறைந்த 1925-ஆம் ஆண்டில். பிற்காலத்துத் திராவிட இயக்கத்தின் நிறத்தை எடுத்து நீதிக்கட்சிக்காரர்கள் எல்லோர்மேலும் பூசிவிடுவது பெரும் குழப்பம் தருகிறது. அவர்களில் ஜமீன்தார்கள் உண்டு, வைதிகர்கள் உண்டு, ஆங்கில ஆட்சி நீடிக்க வேண்டும் என்று வெளிப்படையாகச் சொன்னவர்கள் உண்டு. அறிக்கையே ஹோம் ரூல் என்ற தன்னாட்சிக் கோரிக்கையை எதிர்த்து எழுந்ததுதான். காங்கிரஸ் வட்டாரத்தில் இருந்து வந்த தியாகராயர் இந்த நிலைப்பாட்டுக்குப் போனதை அன்றைய தேசியவாதிகள் மன்னிக்கவில்லை.

முதலமைச்சர் பதவியை மறுத்தது உண்மையா?

உண்மை. 1920 நவம்பர் தேர்தலைக் காங்கிரஸ் புறக்கணித்தது. தேர்தல் நடந்த 98 இடங்களில் 63 நீதிக்கட்சிக்குக் கிடைத்தன. ஆளுநர் வெலிங்டன் பிரபு தியாகராயரை அழைத்தார். அவர் ஏற்காமல் கடலூர் சுப்பராயலு ரெட்டியாரைப் பரிந்துரைக்க, அவர் டிசம்பரில் முதலமைச்சரானார். உடல்நலக் குறைவால் 1921-இல் அவர் விலகியபோது இரண்டாவது முறையும் வாய்ப்பு இருந்தது. பனகல் அரசர் வந்தார்.

பதவிக்காகக் கட்சி தொடங்கினார் என்ற பேச்சுக்கு இடம் தரக்கூடாது என்பதே மறுத்ததற்குப் பொதுவாகச் சொல்லப்படும் காரணம். அது பொருத்தமாகவே இருக்கிறது. ஆனால் இதைத் ‘துறவு’ என்று பாடுகிறவர்கள் ஒரு விஷயத்தைப் பார்ப்பதில்லை. அன்றைய இரட்டையாட்சியில் முதலமைச்சருக்கு இருந்தது பாதி அதிகாரம். கல்வி, சுகாதாரம், உள்ளாட்சி போன்றவை அமைச்சர்களிடம். போலீஸ், நிலவரி, நிதி ஆளுநரின் நிர்வாகக் குழுவிடம். ஒவ்வொரு செலவுக்கும் நிதித் துறையின் வாசலில் நிற்க வேண்டும். அதே நேரத்தில் நகராட்சி மன்றம் கூடும் ரிப்பன் மாளிகையில் இவர் தலைவராகப் புதிதாக உட்கார்ந்திருந்தார். நாற்பதாண்டுகள் பழகிய வேலை, தெருத்தெருவாகத் தெரிந்த நகரம். அறுபத்தெட்டு வயதில் எது தன் கைக்கு அடங்கும் என்று கணக்குப் போட்டவராகத்தான் அவர் எனக்குப் படுகிறார். மறுப்பின் பெருமை அதனால் குறையாது.

‘வெள்ளுடை வேந்தர்’ என்று ஏன் பெயர்?

எப்போதும் வெள்ளை வேட்டி, வெள்ளைக் கோட்டு, வெள்ளைத் தலைப்பாகை. வேல்ஸ் இளவரசர் 1922-இல் சென்னை வந்தபோது நகராட்சித் தலைவர் என்ற முறையில் வரவேற்க வேண்டியவர் இவர். அரச வரவேற்புக்கென்று இருந்த உடை விதிகளிலிருந்து விலக்குக் கேட்டு வாங்கி, தன் வழக்கமான வெள்ளுடையிலேயே போனார். சர் பட்டத்தையும் திவான் பகதூர் பட்டத்தையும் ஏற்றுக்கொண்டவர், உடையை மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை. காந்தியாரின் எதிர்ப்பு அரசியலோடு இதைச் சேர்த்துப் பார்க்க வேண்டாம். அது வேறு வழி.

புளியந்தோப்பு விவகாரம் என்ன? அதில் அவர் பங்கு என்ன?

நினைவுநாள் உரைகள் இந்தக் கேள்வியைத் தாண்டிப் போய்விடும். தாண்டக்கூடாது.

பெரம்பூர்ப் பக்கம் பின்னி நிறுவனத்தின் பக்கிங்ஹாம், கர்நாடிக் ஆலைகள் இருந்தன. சென்னையின் மிகப் பெரிய வேலையிடம். 1921-இல் அங்கே பல மாதங்கள் நீண்ட வேலைநிறுத்தம் நடந்தது. 1918-இல் பி.பி.வாடியா, திரு.வி.க. முதலியோர் கட்டிய சென்னைத் தொழிலாளர் சங்கம் அதை நடத்தியது. ஆதிதிராவிடத் தொழிலாளர்களில் பெரும்பகுதியினர் வேலைக்குத் திரும்பினார்கள். கையில் சேமிப்பு இல்லாதவர்களுக்கு மாதக்கணக்கில் சம்பளமின்றி இருப்பது முடிகிற காரியம் இல்லை. சங்கத்தில் தங்களுக்கு என்ன இடம் என்ற கசப்பும் சேர்ந்திருந்தது. வேலைநிறுத்தத்தில் இருந்த சாதி இந்துக்கள், முஸ்லிம்கள் ஒரு பக்கம், ஆதிதிராவிடர்கள் ஒரு பக்கம் என்று சண்டை மூண்டது. புளியந்தோப்பில் குடிசைகள் எரிந்தன. போலீஸ் துப்பாக்கிச்சூட்டில் உயிர்கள் போயின.

இதில் நீதிக்கட்சித் தலைமை எடுத்த பக்கம் வேலைநிறுத்தக்காரர்களின் பக்கம். அரசின் தொழிலாளர் துறை ஆதிதிராவிடர்களுக்குச் சலுகை காட்டிக் கெடுக்கிறது, கலவரத்துக்கு அதுவே காரணம் என்று கட்சியின் பத்திரிகையும் தலைவர்களும் பேசினார்கள். தியாகராயரும் அவர்களில் ஒருவர். ஆதிதிராவிடர்களை அந்தப் பகுதியிலிருந்து வெளியே மாற்ற வேண்டும் என்ற கோரிக்கையும் எழுந்தது. கட்சியில் இருந்த ஆதிதிராவிடர் தலைவர் எம்.சி.ராஜா இதைக் கடுமையாக எதிர்த்தார். 1923-இல் கட்சியை விட்டே வெளியேறினார்.

‘பாதுகாப்புக்காகத்தான் மாற்றச் சொன்னார்’ என்று தியாகராயரைக் காப்பாற்ற முயல்கிறவர்கள் உண்டு. வீடு எரிந்தவனையே ஊரை விட்டுப் போகச் சொல்வதில் பாதுகாப்பு யாருக்கு என்பதற்கு அவர்களிடம் பதில் இல்லை. அடித்தட்டுப் பிள்ளையின் பசியைப் புரிந்துகொண்டவருக்கு, அந்தப் பிள்ளையின் தகப்பன் ஏன் ஆலை வாசலுக்குத் திரும்பினான் என்பது புரியாமல் போனது. ‘பார்ப்பனரல்லாதார்’ என்ற ஒரே பந்தியில் எல்லோருக்கும் சம இடம் உண்டா என்ற கேள்வி அன்று தொடங்கியது. அவர் வாழ்க்கையை எழுதும்போது 1920-இன் தீர்மானத்துக்குத் தரும் அளவு இடத்தை 1921-க்கும் தரவேண்டும்.

தி.நகரை அவரா உருவாக்கினார்? அங்கே குடியிருந்தாரா?

இரண்டுக்கும் இல்லை. 1920-இன் நகரமைப்புச் சட்டத்துக்குப் பிறகு, மயிலாப்பூர் முதல் நுங்கம்பாக்கம் வரை நீண்டு கிடந்த ஏரியை வடித்து மாம்பலம் பகுதியில் புதுக் குடியிருப்பு எழுப்பும் திட்டம் வந்தது. வேலை நடந்த ஆண்டுகளில் ஆட்சியில் இருந்தது நீதிக்கட்சி, முதல்வர் பனகல் அரசர். நகர்ப்பகுதிக்குத் தியாகராயர் பெயர் வைத்தார்கள்.

அந்தப் பகுதியின் தெருப் பெயர்களே நீதிக்கட்சியின் உறுப்பினர் பட்டியல் மாதிரி இருக்கும். நடுவில் பனகல் பூங்கா. நாயர் சாலை, நடேசன் பூங்கா. பின்னாளில் நகராட்சித் தலைவராகவும் தற்காலிக ஆளுநராகவும் இருந்த முகமது உஸ்மான் பெயரில் உஸ்மான் சாலை. கோபதி நாராயணசாமி செட்டி பெயரில் ஜி.என்.செட்டி சாலை. பாண்டி பஜார் என்று எல்லோரும் சொல்லும் தெருவின் முறையான பெயர் தியாகராயர் சாலை. பாண்டி என்பது நீதிக்கட்சியின் டபிள்யூ.பி.ஏ.சௌந்தரபாண்டியனாரைக் குறிப்பதாகச் சொல்வார்கள். அதிகாரிகளின் பெயர்களும் கலந்திருக்கும், மலோனி சாலைபோல.

ஏரி இருந்ததற்கான சான்று மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோடு என்ற பெயரில் மிச்சம் இருக்கிறது. 2015, 2021 மழைகளில் தி.நகர்த் தெருக்கள் முழங்கால் தண்ணீரில் நின்றபோது ஏரியும் தன் பங்குக்கு நினைவூட்டியது. கழிவுநீரும் வடிகாலும் பற்றி நாற்பது ஆண்டுகள் மன்றத்தில் பேசிய மனிதரின் பெயரில் உள்ள பேட்டைக்கு வடிகால்தான் இன்றைக்கும் பெரிய தலைவலி.

கல்விக்கு வேறு என்ன செய்தார்?

பழைய வண்ணாரப்பேட்டையில் பள்ளி நடத்தினார். அந்த வழியில் வந்தது அவர் பெயரில் உள்ள மேல்நிலைப்பள்ளி. சர் தியாகராயா கல்லூரி அவர் மறைந்து கால் நூற்றாண்டுக்குப் பின் 1950-இல் தொடங்கப்பட்டது. துறைமுகத்திலும் ரயில்வே பட்டறையிலும் சிறு ஆலைகளிலும் வேலை பார்த்தவர்களின் பிள்ளைகளுக்கு, பாலத்தைத் தாண்டித் தெற்கே போகாமல் பட்டம் வாங்க முடிந்த இடம் அது. வடசென்னையில் எத்தனையோ வீடுகளில் முதல் பட்டதாரி அங்கே படித்தவராக இருப்பார்.

மதுரைத் தியாகராஜர் கல்லூரியும் இவருடையதா?

இல்லை. அது கருமுத்து தியாகராஜ செட்டியார் நிறுவியது. அவர் வேறு காலம், வேறு ஊர். சென்னையில் இருப்பது ‘தியாகராயா’, மதுரையில் இருப்பது ‘தியாகராஜர்’. இருவரும் செட்டியார், இருவரும் துணித் தொழில், இருவரும் கல்விக்குக் கொடுத்தவர்கள் என்பதால் குழப்பம் வருவது இயல்பே.

இன்று அவர் நினைவாக எவற்றைப் பார்க்கலாம்?

ரிப்பன் மாளிகையின் முன்னால் அவர் சிலை நிற்கிறது. 1913-இல் திறக்கப்பட்ட அந்த வெள்ளைக் கட்டடத்துக்குள்தான் அவர் தலைமையில் மன்றம் கூடியது. சென்ட்ரல் நிலையத்துக்குப் போகிற அவசரத்தில் யாரும் நிமிர்ந்து பார்ப்பதில்லை. மெட்ரோ பணிகள் நடந்த காலத்தில் அந்தப் பக்கம் நின்று பார்க்கவும் முடியாது. இப்போது முடியும்.

தி.நகரில் ஜி.என்.செட்டி சாலையில் தியாகராயர் அரங்கம் இருக்கிறது. நாடகம் பார்க்கிறவர்களுக்கு வழி சொல்ல வேண்டியதில்லை. வடக்கே போனால் 2021 பிப்ரவரியில் திறந்த மெட்ரோ தடத்தில் வண்ணாரப்பேட்டைக்கும் தண்டையார்பேட்டைக்கும் நடுவே ‘சர் தியாகராயா கல்லூரி’ என்று ஒரு நிலையம். அவர் பெயர் அவர் வாழ்ந்த பகுதியிலேயே இருப்பதால், அவர் நினைவாக எங்கே போகலாம் என்று கேட்கிறவர்களுக்குத் தி.நகரைவிட இந்த நிலையத்தில் இறங்கி நடந்து பாருங்கள் என்றே சொல்வேன்.

பள்ளிக் கட்டுரைக்கு எந்த ஆண்டுகளை உறுதியாக எழுதலாம்?

பிறப்பு 1852. மன்ற உறுப்பினர் 1882. நல உரிமைச் சங்கம் 1916. மதிய உணவுத் தீர்மானமும் முதலமைச்சர் பதவி மறுப்பும் 1920. மறைவு 1925. ‘முதல் மேயர்’ என்று எழுத வேண்டாம். ‘முதலமைச்சராக இருந்தார்’ என்றும் எழுத வேண்டாம். இணையத்தில் இந்தப் பிழையும் சுற்றுகிறது.

மேலும் ஆராய விரும்புகிறவர் எங்கே தொடங்கலாம்?

கட்சி மேடைப் பேச்சுகளின் தொகுப்புகளில் தொடங்கினால் கட்சித் தலைவர் மட்டுமே கிடைப்பார். நகராட்சி மன்றத்தின் நடவடிக்கைக் குறிப்புகளிலிருந்து தொடங்குங்கள். எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்திலும் அருகிலேயே கன்னிமாரா நூலகத்திலும் அந்தக் காலத்து அச்சுப் பதிவுகள் உண்டு. காப்பகத்தில் ஆராய்ச்சி அனுமதி வாங்க வேண்டும், ஏடுகள் எடுத்துத் தரக் காத்திருக்க வேண்டும், பெரும்பாலும் ஆங்கிலம். எந்தத் தெருவுக்கு எத்தனை விளக்கு, எந்தப் பள்ளிக்கு என்ன வாடகை என்று பக்கம் பக்கமாகப் போகும். சட்டமன்ற விவாதங்களை 1921-ஆம் ஆண்டுக்குத் தனியாகப் பாருங்கள். புளியந்தோப்பு பற்றி எம்.சி.ராஜாவின் தரப்பையும் சேர்த்துப் படிக்காமல் எழுத உட்கார வேண்டாம்.